மழைக்காலத்து மில்லும் மதினியின் பொடியும்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் சாத்தூர் வட்டாரத்து மாவு மில்களில் சத்தம் குறைந்துவிடும். தீபாவளிப் பலகாரத்துக்காக ஒரு வாரம் வாசலில் வரிசை நிற்கும். அது முடிந்த பிறகு தைப் பொங்கல் வரைக்கும் ஆள் வரத்து அபூர்வம். மிளகாய் வத்தலும் மல்லியும் சுக்காகக் காய்ந்தால்தான் திரிக்க முடியும். நமுத்துப்போன வத்தலைப் போட்டால் மெஷினுக்குள் அப்பிக்கொள்ளும், பொடியும் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். வெயில் இல்லாதபோது வீட்டுக்காரர்கள் கொண்டுவர மாட்டார்கள். கொண்டுவந்தாலும் நல்ல மில்காரர் திருப்பித்தான் அனுப்புவார்.

மோட்டார் ஓடவில்லை என்பதற்காகச் செலவு நின்றுவிடுவதில்லை. மின் இணைப்புக்கு நிலைக்கட்டணம் கட்ட வேண்டும். மெஷின் பார்க்கிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். மழை பெய்கிறது, வராதே என்று சொல்லிவிட்டால் அவர் வேறு வேலை தேடிப் போய்விடுவார். மாசியில் கூப்பிட்டால் வரமாட்டார்.

அதே மழையில் வேறொன்றும் நடக்கிறது. கோடையில் திரித்து வைத்த குழம்புப் பொடி வீடுகளில் தீர்ந்துபோகிறது. காயவைக்க வழியில்லாத பெண்கள் மளிகைக் கடையில் பாக்கெட் பொடி வாங்குகிறார்கள். எங்கள் மில்லைச் சும்மா இருக்க வைக்கிற அதே மாதங்கள் பொடி விற்கிறவருக்கு நல்ல மாதங்கள். அண்ணன் நடத்துகிற மில்லை ஒட்டி மதினி தொடங்கிய பொடி வியாபாரம் இந்த ஓர் உண்மையை நம்பித்தான் நடக்கிறது. கணக்கு எழுதுவது என் வேலை. இருக்கிற தொழிலோடு இன்னொரு தொழிலையும் சேர்த்துச் செய்யலாமா என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் நேரில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சைடு பிசினஸ் என்றதும் முதலில் எல்லோரும் கேட்பது, எதில் லாபம் அதிகம் என்பது. அந்தக் கேள்வியை நான் இரண்டாவதாக வைப்பேன். உங்கள் கடைக்கு வருகிறவர் அதற்கு முன் எங்கே போய்விட்டு வருகிறார், உங்களிடமிருந்து எங்கே போகிறார்? இதுதான் என் முதல் கேள்வி. மாவு மில்லுக்கு வருகிறவர் அதற்கு முன் மளிகைக் கடையில் வத்தல் வாங்கியிருக்கிறார், காம்பு கிள்ளியிருக்கிறார், மொட்டை மாடியில் நாலு நாள் காய வைத்திருக்கிறார். அந்த வேலையில் எதையாவது நாம் செய்து கொடுத்தால் அவர் காசு கொடுப்பாரா? கொடுப்பார் என்றால் துணைத் தொழில் அங்கே இருக்கிறது. இடமும் இருக்கிறது, மெஷினும் இருக்கிறது, ஆளும் தேடி வருகிறார்.

எங்கள் பக்கத்து ஊரான சிவகாசியே இதற்குப் பெரிய சாட்சி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்து, 1923இல் ஊரில் தொழில் தொடங்கினார்கள். மழை குறைந்த, காற்று உலர்ந்த பூமி அந்தத் தொழிலுக்குப் பொருந்தியது. தீப்பெட்டி என்றால் மேலே லேபிள் ஒட்ட வேண்டும். பெட்டி லட்சக்கணக்கில் போனால் லேபிளும் லட்சக்கணக்கில் வேண்டும். அந்தக் காசு ஏன் வெளியூர் அச்சகத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தில் உள்ளூரிலேயே அச்சகங்கள் எழுந்தன. பட்டாசு வந்தபோது அதற்கும் லேபிள் தேவைப்பட்டது. வண்ண அச்சு கைக்கு வந்த பிறகு காலண்டர், டைரி, நோட்டு அட்டை என்று கிளைகள் விரிந்தன. இப்போதெல்லாம் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டு காலண்டருக்கான ஆல்பங்களை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குகிறார்கள். பட்டாசுக்குத் தீபாவளி எல்லை என்றால், காலண்டர் வேலை அதைத் தாண்டி மார்கழி வரை போகும். ஒன்று ஓய்கிறபோது இன்னொன்று சூடு பிடிக்கிற இந்த அமைப்பை நான் வியப்போடுதான் பார்க்கிறேன். தன் தொழிலுக்காக வெளியே எதற்குத் திரும்பத் திரும்பப் பணம் கொடுக்கிறோம் என்று பார்த்த ஊர் அது.

ஈரோட்டில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். பி. சி. துரைசாமி 1975இல் மஞ்சள் வியாபாரியாகத் தொடங்கினார். பிறகு மஞ்சளைப் பொடியாக்கி விற்றார், மிளகாய்க்கும் மல்லிக்கும் போனார், சக்தி மசாலா உருவானது. சரக்கை அடையாளம் காணத் தெரிந்த ஒருவர், அதே சரக்கை ஒரு படி மேலே கொண்டுபோனார். தெரியாத சரக்குக்குத் தாவவில்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியம்.

எங்கள் வீட்டில் முதலில் எழுந்தது ஒரு பயம். அண்ணன் கேட்டார்: "நாமளே பொடி வித்தா, அப்புறம் திரிக்க யாரு வருவா?" நியாயமான கேள்வி. துணைத் தொழில் மெயின் தொழிலின் வாடிக்கையைத் தின்றுவிட்டால் என்ன பிரயோஜனம்? மதினி அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார்: "திரிக்க வாரவங்க வத்தல் வாங்கிக் காயவைக்கத் தெரிஞ்சவங்க. அவங்க நம்ம பொடியத் தொடவே மாட்டாங்க. பொடி வாங்கப் போறவங்க நம்ம மில்லுக்கு வாரதே இல்லீங்க. எப்பவோ கடைப் பாக்கெட்டுக்குப் போய்ட்டாங்க."

அது உண்மை. மில்லில் நின்று பார்த்தால் தெரியும். வத்தல் திரிக்க வருகிற ஆச்சிகள் தங்கள் தூக்குவாளியை விட்டு நகர மாட்டார்கள். மெஷினில் துணியைக் கட்டுவதிலிருந்து கடைசிப் பொடியைத் தட்டி எடுப்பது வரை பக்கத்திலேயே நிற்பார்கள். முன்னால் யார் என்ன திரித்தார்கள் என்று கேட்பார்கள். மில் விற்பது அந்த நம்பிக்கையைத்தான்: கொண்டுவந்தது என்னுடைய வத்தல், கொண்டுபோவது அதே வத்தலின் பொடி. மிளகாய்ப் பொடியைப் போலச் சந்தேகத்துக்கு ஆளான பண்டம் குறைவு. 2005இல் பிரிட்டனில் சூடான் 1 என்ற சாயம் கலந்த மிளகாய்ப் பொடியால் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பண்டத்தை விற்க இறங்குகிற மில்காரருக்குக் கையில் இருக்கிற பெரிய முதல், கண் முன்னால் திரித்துக் கொடுக்கிற பழக்கம்.

அதனால் மதினி பாக்கெட்டில் தொடங்கவில்லை. முதலில் கொடுத்தது ஒரு சீட்டு. கல்யாணமாகிப் புதுக்குடித்தனம் வந்த பெண்களும், மனைவி வேலைக்குப் போவதால் தானே மில்லுக்கு வருகிற கணவர்களும் கேட்கிற முதல் கேள்வி, "எது எது எவ்வளவு போடணும்?" என்பதுதான். மல்லி 1 கிலோ, வத்தல் அரை கிலோ, சீரகம் 100 கிராம், மிளகு 100 கிராம், விரலி மஞ்சள் 100 கிராம், கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் 100 கிராம் வீதம், வெந்தயம் 25 கிராம், ஒரு கைப்பிடி காய்ந்த கறிவேப்பிலை. இதை அச்சடித்து, எதை வறுக்க வேண்டும், எதை வெயிலில் காட்டினால் போதும், பொடி சூடு ஆறிய பிறகுதான் டப்பாவில் அடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து இலவசமாகக் கொடுத்தார். சீட்டு வாங்கிப் போனவர்கள் சாமானோடு திரும்பி வந்தார்கள்.

பிரான்ஸ் நாட்டு மிஷ்லின் சகோதரர்கள் 1900இல் செய்ததும் இந்த வகைதான். டயர் விற்ற அவர்கள், அந்த நாட்டில் மொத்தம் 3,000 கார்கூட இல்லாத காலத்தில் 35,000 பயணக் கையேடுகளை அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே கார் பழுது பார்ப்பார்கள், எங்கே தங்கலாம் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஆட்கள் கார் ஓட்டினால் டயர் தேயும், தேய்ந்தால் டயர் வாங்குவார்கள். இருபது வருஷம் கழித்து 1920இல்தான் அதற்கு விலை வைத்தார்கள். உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற வழக்கம் 1926இல் வந்தது. துணைத் தொழில் முதல் நாளே காசு பார்த்தாக வேண்டும் என்றில்லை. மெயின் தொழிலுக்கு வேலை கொண்டுவந்தாலே அது தன் கூலியைக் கொடுத்துவிட்டது.

சீட்டுக்குப் பிறகு வந்தது செட். அந்த அளவின்படியே காம்பு கிள்ளி, சுத்தம் செய்து, காயவைத்த சாமான்கள் ஒரே பையில். வாங்குகிறவர் பையைப் பிரித்துப் பார்க்கலாம், வத்தலை ஒடித்துப் பார்க்கலாம், அங்கேயே மெஷினில் போடச் சொல்லி நின்று வாங்கிப் போகலாம். எங்கள் வியாபாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் செட்தான். சாமான் விற்ற லாபம் மதினி கணக்கில் விழுகிறது, அரவைக் கூலி அண்ணன் கணக்கில் விழுகிறது, வாடிக்கையாளருக்கோ தன் கண் முன்னால் திரித்த பொடி கிடைக்கிறது. ஒருவர் வருமானம் மற்றவர் வருமானத்தைக் குறைக்கவில்லை.

பாக்கெட் பொடி மூன்றாவதாகத்தான் வந்தது. அதையும் கேட்டு வாங்கியவர்களே தொடங்கி வைத்தார்கள். "மெட்ராஸ்ல இருக்க பையனுக்கு அனுப்பணும், ஒரு கிலோ பொடி தாங்களேன்" என்று கேட்டு வந்தவர்கள்தான் முதல் வாடிக்கை.

சரக்கு வாங்குவதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டிலும் ராமநாதபுரத்திலும் மாசியிலிருந்து வத்தல் சந்தைக்கு வரும். ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மழைக்காலத்தில் விற்கப்போகிற பொடிக்கு அப்போதே வாங்கி, அந்த வெயிலிலேயே காயவைத்து இருப்பு வைக்க வேண்டும். இங்கேதான் கணக்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். வத்தல் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோ வாங்கினால் 20,000 ரூபாய். காம்பு கிள்ளிக் காயவைத்ததில் 10 கிலோ குறைந்து 90 கிலோ நின்றால், திரிப்பதற்கு முன்பே கிலோ 222 ரூபாய் ஆகிவிட்டது. அந்தப் பணம் பங்குனியிலிருந்து மார்கழி வரை ஒன்பது மாதம் சாக்கில் கிடக்கிறது. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று போட்டால் 1,800 ரூபாய் சேரும். இப்போது கிலோ 242. இதற்கு மேல்தான் வறுக்கிற கூலி, அரவைக் கூலி, பாக்கெட், லேபிள், கடைக்காரருக்குக் கமிஷன் எல்லாம். 200 ரூபாய் வத்தல், 300 ரூபாய் பொடி, கிலோவுக்கு 100 ரூபாய் லாபம் என்று மனக்கணக்குப் போட்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

அரவைக் கூலியை ஏன் சேர்க்க வேண்டும், மில் நம்முடையதுதானே என்று கேட்கலாம். அவசியம் சேர்க்க வேண்டும். வெளியாளிடம் கிலோவுக்கு என்ன கூலி வாங்குகிறோமோ அதையே பொடிக் கணக்கிலிருந்து எடுத்து மில் கணக்கில் வரவு வைக்கிறேன். இல்லையென்றால் மில்லின் கரண்டும் ஆளும் தேய்மானமும் இலவசமாகப் போய், பொடி லாபம் தருவது போலவும் மில் நஷ்டத்தில் ஓடுவது போலவும் தெரியும். ஒரு வருஷம் அப்படி ஏமாந்தால் போதும், நல்ல தொழிலை மூடிவிட்டு நஷ்டத் தொழிலை வளர்த்துவிடுவோம். இரண்டு நோட்டு, இரண்டு வங்கிக் கணக்கு. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பணத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. மோட்டார் காயில் எரிந்தால் அன்றைக்கே கட்டியாக வேண்டும், கல் தேய்ந்தால் கொத்த வேண்டும், பெல்ட் அறுந்தால் மாற்ற வேண்டும். அதற்கான பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியில்தான் வத்தல் வாங்குவது. வத்தல் விலை எப்போது விழும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. விழுந்தால் பொடி வியாபாரம் அடிபடலாம், மில் நிற்கக் கூடாது.

மில்லில் எழுதாத சட்டம் ஒன்றும் இருக்கிறது. திரிக்க வந்தவரை நிற்க வைத்துவிட்டு நம் சாமானைத் திரிக்கக் கூடாது. மாசி பங்குனியில் வாசலில் கூட்டம் நிற்கும்போது மெஷின் முழுக்க அவர்களுக்குத்தான். நம் சரக்கு ராத்திரி கடைசியாக ஓடும், அல்லது மழை மாதங்களில் ஓடும். அதிலும் ஒரு நன்மை உண்டு: மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கொஞ்சமாக வறுத்துத் திரித்தால் பொடி மணம் மாறாமல் இருக்கும், ஆளுக்கும் வேலை இருக்கும்.

அரசாங்க விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மசாலாப் பொடியைத் திறந்து வைத்து அள்ளி விற்கச் சட்டத்தில் இடமில்லை, பாக்கெட்டில் அடைத்துத்தான் விற்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ இல்லாமல் தொடங்காதீர்கள். பாக்கெட்டில் அந்தப் பதிவின் 14 இலக்க எண், சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், முகவரி, விலை, பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். மில்லின் மின் இணைப்பு தொழில் கட்டணத்தில் இருக்கும், அதே கட்டடத்தில் கடை போட்டால் வணிகக் கட்டணத்தில் தனி இணைப்பு கேட்பார்கள், முன்கூட்டியே விசாரியுங்கள். சிறு உணவுத் தொழில்களுக்காக 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவித்தார்கள். ஆனால் அது கடனோடு சேர்ந்த மானியம். மானியத்துக்காக மெஷின் வாங்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

துணைத் தொழில் மெயின் தொழிலை விடப் பெரிதாகிவிடுவதும் உண்டு. பெங்களூருவில் லால்பாக் பக்கத்தில் மாவள்ளி டிபன் ரூம்ஸ் இருக்கிறது. 1924இல் தொடங்கிய ஹோட்டல். 1975இல் அவசரநிலை வந்தபோது ஹோட்டல் பண்டங்களுக்கு அரசாங்கம் விலையைக் குறைத்து நிர்ணயித்தது. அந்த விலைக்குத் தங்கள் தரத்தில் கொடுக்க முடியாமல் நஷ்டப்பட்டவர்கள், மாவுக் கலவைகளையும் பொடிகளையும் பாக்கெட்டில் விற்பதில் முழுமூச்சாக இறங்கினார்கள். அது ஹோட்டலை விடப் பெரிதாக வளர்ந்தது, 2007இல் நார்வேயின் ஓர்க்லா நிறுவனம் அதை வாங்கியது. டிபன் ரூம் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது, இன்றைக்கும் வாசலில் கூட்டம் நிற்கிறது. தனித்தனியாக நடத்தியதால்தான் ஒன்றை விற்றுவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள முடிந்தது என்று நினைக்கிறேன். நான் இரண்டு நோட்டு என்று பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடர்பே இல்லாத துணைத் தொழிலுக்கும் ஓர் உதாரணம் உண்டு. மில் ஒன்றில் வந்த லாபத்தைக் கொண்டு மொபைல் கடை வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். மொபைல் வியாபாரம் கெட்டதில்லை. ஆனால் தூக்குவாளியோடு வருகிறவர் அங்கே நுழைவதில்லை, சார்ஜர் வாங்க வருகிறவர் மில் பக்கம் திரும்புவதில்லை. உரிமையாளர் கடைத்தெருவில் உட்கார்ந்திருக்க, மில்லில் கேட்பாரில்லை. பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய ஆச்சிகள் அடுத்த தெரு மில்லுக்குப் பழகிவிட்டார்கள். உழைப்பும் பணமும் இருந்தும் ஒரு நல்ல மில் மெலிந்துபோனதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

நாங்கள் எதிர்பாராத வாடிக்கை ஒன்று எங்கள் ஊரின் பெயரோடு சேர்ந்த பண்டத்திலிருந்து வந்தது. சாத்தூர்ச் சேவு. சேவு போடுகிற கடைகளுக்குக் கடலை மாவு, அரிசி மாவு, வத்தல் பொடி மூன்றும் வேண்டும். மதினியின் பொடியை வீட்டுக்கு வாங்கிய ஒரு கடைக்காரர், "இதே வத்தல்ல எனக்கும் திரிச்சுத் தாங்க" என்று வந்தார். சேவு வியாபாரத்துக்கு மழை வெயில் பேதமில்லை, மழைக்கு நொறுக்குத் தீனி கூடுதலாகவே போகும். ஆகவே மில்லுக்கு மழைக்காலத்திலும் தொடர்ந்து வேலை கிடைக்கத் தொடங்கியது. கடன் மட்டும் வாரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார். "கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி, வத்தலுக்கு நாங்க ரொக்கம் கொடுத்துத்தான் எடுக்கோம்" என்றார். அவரும் வியாபாரி, புரிந்துகொண்டார்.

இப்போது பேச்சு சத்துமாவைப் பற்றி. பிள்ளைகளுக்குக் கேழ்வரகும் கம்பும் முளைகட்டித் திரிக்க வருகிற இளம் தாய்மார்கள் வறுத்துத் தர முடியுமா என்று கேட்கிறார்கள். வறுக்கிற மெஷின் ஒன்று வாங்கிவிடலாம் என்கிறார் அண்ணன். "இந்த மழைக்காலம் முழுக்க வாணலியிலயே வறுத்துப் பார்ப்போம் தம்பி, வாணலி தாங்காம ஆர்டர் வந்தா அப்புறம் மெஷின் வாங்கலாம்" என்று என்னிடம் சொல்லிவைத்திருக்கிறார் மதினி. நான் மதினி பக்கம். நோட்டில் சத்துமாவுக்கு ஒரு தனிப் பக்கம் போட்டிருக்கிறேன், தை பிறந்ததும் அதைப் பார்த்துத்தான் முடிவு.